கயிற்றறைப் போத்தல்கள்

குடியை விடுவதற்கு வழி தேடி நான் முதன்முதலில் போய் உட்கார்ந்த இடம், கல்யாணம் முடிக்கப் போகிற சோடிகளுக்கான ஆயத்த வகுப்பு. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. வீட்டில் மனைவி இருந்தாள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற மகள் இருந்தாள். நான் சைவ சமயத்தவன், வகுப்பு நடந்தது கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில். முன்வரிசையில் ஒரு பெடியனும் பெட்டையும் விரல்களைக் கோத்துக்கொண்டு இருந்ததைக் கண்ட நிமிடமே இடம் மாறிவிட்டது என்று விளங்கிவிட்டது. ஆனாலும் முழு வகுப்பும் இருந்தேன். தேநீர் குடித்தேன். ‘வீட்டில் கோபம் வந்தால் என்ன செய்யலாம்’ என்ற கேள்விக்குக் கைதூக்கிப் பதிலும் சொன்னேன்.

எழும்பி வந்திருக்கலாம்தான். எழும்பினால் எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட இன்னொரு கல்யாணம் முடிப்பது சுலபமாகத் தெரிந்தது.

வெளியே வரும்போது வகுப்பு நடத்திய அம்மா கேட்டார். “பொம்பிளை வரேல்லையோ?”

“அவவுக்குக் காய்ச்சல்,” என்றேன்.

“அடுத்த முறை கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. வயசு ஒரு பிரச்சினை இல்லை.”

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்கு ஒரு கருவி காரணம். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில், காலையில் வேலைக்கு வருபவர்கள் வாசலில் ஒரு குழாய்க்குள் ஊத வேண்டும் என்று புதிய ஒழுங்கு வந்திருக்கிறதாம். பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு. என்னுடைய படகை இப்போது ஓட்டுகிற தம்பி தொலைபேசியில் கேட்டான். “தவம் அண்ணை, உங்கட காலத்தில இந்த மிசின் இல்லையே. எப்பிடிப் பிடிச்சவை?” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களையும் பிடிச்சவையாமே?” என்றான். சங்க மலரில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். கீழே வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்; சில ஊர்களையும் மாற்றியிருக்கலாம். கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வேலை பழகிய காலத்தைச் சுருக்கிவிடலாம். அதில் என்னுடைய கெட்டித்தனம் குறைவு. பள்ளிக்கூடம் முடிந்ததும் இழுவைப் படகில் தளம் கழுவச் சேர்ந்தேன். நாங்கள் அதை ‘டக்’ என்போம். கழுவினேன், கிறீஸ் பூசினேன், கயிறு பிடித்தேன், எஞ்சின் அறையில் காது கெட்டேன். சண்டைக் காலம் முழுவதும் கடலில் இருந்ததால் கரையில் இருந்தவர்களைவிட நன்றாகத் தூங்கினேன். ஒருநாள் சுக்கானைக் கையில் தந்தார்கள். குடி எப்போது பழகினேன் என்று கேட்டால் அதற்கும் அதே நீளமான பதில்தான்: வேலையோடு. குடியைப் பற்றி நகர நூலகத்தில் இருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். அனேகமானவற்றைக் குடித்துக்கொண்டு வாசித்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கப்டன் மரியநாயகம். துறைமுகத்துக்குள் வரும் கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டுவரும் பைலட்டும் அவர்தான்; டக்குகளுக்குப் பொறுப்பும் அவர்தான். உயரமான, ஒடுங்கிய மனிதர். வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். மூன்றாவது மடிப்பை நான் கண்டதில்லை. கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் கைலேஞ்சியை எடுத்து நான்காக மடித்துத் திரும்பவும் பைக்குள் வைப்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கோதுமை ஏற்றிவரும் கப்பல் ஒன்றை ஜெட்டி என்கிற இறங்குதுறையில் அணைக்கும்போது, அவர் கப்பலின் உச்சியில் நின்று வோக்கிடோக்கியில் கட்டளை சொல்வார். “முன் டக், மெதுவாய்த் தள்ளும்.” நான் சொல்ல வேண்டியது: “முன் டக், மெதுவாய்த் தள்ளுறன்.” அவ்வளவுதான். ‘ஓம் கப்டன்’ என்றாலும் ஏற்கமாட்டார். ஒரு சொல் கூடினால் கட்டளையை மறுபடி முதலில் இருந்து சொல்வார். கயிறு கட்டும் ஆட்களுக்கும் இதே சட்டம். மற்றக் கம்பெனிக்காரர்கள் எங்களைக் கிளிக்கூட்டம் என்று நக்கலடிப்பார்கள். ஆனால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் கப்பலின் மூக்குக்குக் கீழே நிற்கும் டக் தெரியாது. அவருக்கு நாங்கள் வெறும் குரல்தான். தன்னுடைய சொல் கீழே போய்ச் சேர்ந்ததா என்று அறிய, அது திரும்பி வருவதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லை.

கச்சான் காற்று அடித்த ஒரு காலை. கப்பல் ஜெட்டிக்கு அரைப் பனை உயரத் தூரத்தில் இருந்தது.

“முன் டக், நிப்பாட்டும்.”

“நிப்பாட்டலாம் கப்டன், ஆனா கச்சான் பலமாய் அடிக்குது, மூக்கு விலகிப் போகும், இன்னும் கொஞ்சம் பிடிச்சு நிண்டால் நல்லம் எண்டு நினைக்கிறன்,” என்றேன்.

நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அதுதான் அதில் உள்ள மோசம்.  “முன் டக், கயிறு கழட்டி விலகும்,” என்றது வோக்கி. பின் டக்கை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலை அணைத்து முடித்தார். நான் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன்.

கந்தோரில் தன் மேசைக்கு முன்னால் கப்டன் எனக்குக் கதிரை போட்டார். தண்ணீரைத் தானே ஊற்றி முன்னால் வைத்தார். கைலேஞ்சி மேசையில் நான்காக மடிந்து கிடந்தது.

“நான் உமக்குக் கிட்ட வந்து வாயை மணந்து பார்க்கேல்ல. பார்க்கவும் மாட்டன்,” என்றார். “வெறியில்லாதவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவான். வெறியில நிக்கிறவன் விளக்கம் சொல்லுவான். நீர் கொஞ்ச நாளாய் விளக்கம் சொல்லுறீர்.”

அதற்கும் ஒரு விளக்கம் என் வாயில் வந்தது. விழுங்கினேன். அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். டக்கின் சாவியை அதில் வைத்தேன்.

“வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு எங்கட கோயில் மண்டபத்தில ஒரு கூட்டம் நடக்குது. போய் இரும். பிறகு வந்து சாவியைக் கேளும்.”

என்ன கூட்டம் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே. இப்படித்தான் நான் பொம்பிளை இல்லாத மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை கப்டன் கேட்டார். “போனீரோ?”

“போனனான்.”

“என்ன சொன்னவை?”

“கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னவை.”

கைலேஞ்சியை எடுத்து நான்காக மடித்தார். “பின் கதவால போகவேணும்,” என்றார்.

பின்கதவு திறந்தது ஒரு சாமான் அறைக்குள். நத்தாருக்குப் பாலன் பிறந்த குடிலில் வைக்கும் மாடும் ஆடுகளும் ஒரு காது உடைந்த ஒட்டகமும் சுவரோரம் நின்றன. நடுவில் ஐந்தாறு கதிரைகள். கதவைத் திறந்து தேநீர் வைத்தவர் பீற்றர் அண்ணை; பேக்கரியில் பாண் போடுகிறவர், குட்டையான மனிதர், கண்ணிமையிலும் மா ஒட்டியிருக்கும். அவர் தலைவர் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கே தலைவர் என்று யாரும் இல்லை. விரும்பினவர் தன் கதையைச் சொல்லலாம். மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, ஆறுதல்கூடச் சொல்லக்கூடாது. சொல்லி முடிந்ததும் எல்லோரும் “கேட்டம்” என்பார்கள். பிறகு அடுத்த ஆள்.

முதல்நாள் நான் ஒரு சொற்பொழிவு செய்தேன். பழந்தமிழர் கள் குடித்த விதம், மதுவிலக்குக் கொண்டுவந்த நாடுகள் பட்ட பாடு, மனித மனத்தின் அடுக்குகள் என்று நன்றாகவே வந்தது. கைதட்டலுக்கு இடைவெளி விட்டு நிறுத்தினேன்.

“கேட்டம்,” என்றார் பீற்றர் அண்ணை.

பக்கத்தில் இருந்தவர் பண்டார. ஓட்டோ ஓட்டுகிறவர், சிங்களவர், சந்தையில் பழகிய தமிழ். “ஐயா நல்லாப் பேசுறது,” என்றார். “ஐயா குடிக்கிற ஆளா, இல்லாட்டி படிப்பிக்க வந்த ஆளா?”

“பண்டார, மறுமொழி இல்லை,” என்றார் பீற்றர் அண்ணை.

பல வியாழக்கிழமைகள் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன். ஒருநாள் வாய் திறந்து, “விடிய எழும்பினவுடன குடிக்கிறனான். இல்லாட்டி சவரக்கத்தி பிடிக்க ஏலாது,” என்றேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. “கேட்டம்,” என்றார்கள். என் சொல் யாரிடமோ போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடி நின்ற பிறகு கப்டன் சாவியைத் திருப்பித் தந்தார். மேசையின் மறுபக்கத்தில் இருந்து அதை ஒரு விரலால் தள்ளினார், அவ்வளவுதான். நன்றி சொல்ல வாய் எடுத்தேன். விளக்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒழுங்காக நடந்தால், போகும் கப்பலின் ஆட்கள் ஒரு போத்தலைத் துணியில் சுற்றிக் கீழே இறக்குவார்கள். டக் ஓட்டுகிறவருக்கு ஒன்று, ஜெட்டியில் நிற்கும் கயிற்றுக் குழுவுக்கு ஒன்று. அதை வேலை நேரத்தில் தொடக்கூடாது. சேர்த்துவைத்து விடுமுறை நாளில் பிரிப்போம். சேர்த்துவைக்கும் இடம் கயிற்றறை. பழைய கயிறுகள் சுருள் சுருளாகக் கிடக்கும் அந்த அறையின் சாவி, குழுவின் தலைவர் ஜெமீலிடம் இருந்தது.

ஜெமீலின் ஊர் கிண்ணியா, பாலத்துக்கு அப்பால் உள்ள முஸ்லிம் ஊர். ஐந்து நேரத் தொழுகையை விடாத குடும்பம். வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். போத்தல்களை அவரிடம் விடுவதற்கு அதுதான் காரணம். பூனையைப் பாலுக்குக் காவல் வைக்காத புத்திசாலிகள் நாங்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். தமிழ் ஆட்களிடமோ சிங்கள ஆட்களிடமோ விட்டிருந்தால் மாதத்தில் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருப்போம். ஜெமீலிடம் விட்டதை ஒருவரும் எண்ணவில்லை.

குடியை விட்ட பிறகு என்னுடைய டக்குக்கு வரும் போத்தலைக் கையில் வைத்திருக்கப் பயந்தேன். ஜெட்டியில் கட்டியவுடன் முதல் வேலையாக அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

“இதையும் வையும் ஜெமீல். என்ர பங்கை ஆருக்கும் குடும். என்னட்ட இருந்தால் கூடாது.”

“தாங்க அண்ணன். கயித்துச் சுருளுக்குள்ள வெச்சா கஸ்டம்ஸ்காரனுக்கும் தெரியா.”

இந்த ஏற்பாட்டைப் பற்றி வியாழக்கிழமைக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். கேட்டம் என்றார்கள்.

வருடங்கள் போயின. கப்டன் ஓய்வுபெற்று மன்னார்ப் பக்கம் போய்விட்டார். புதிதாக வந்த இளம் பைலட் கெட்டிக்காரர்; ஆனால் திருப்பிச் சொல்லும் சட்டத்தில் அவருக்கு அக்கறை இல்லை. எங்களுக்குப் பழக்கம் விடவில்லை, கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு காலை கப்பல் ஒன்றை அணைக்கும்போது பைலட் சொன்னார். “பின் கயிறு, மாட்டு.”

ஜெமீலின் குரல் வோக்கியில் வந்தது. “மாட்டுறன் சேர், மாட்டத்தான் போறன், இந்தக் கயிறு நனைஞ்சு பாரமாக் கிடக்கு, நேத்து நான் சொன்னன் மாத்தச் சொல்லி, மறுகா ஒருத்தனும்…”

 அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். அது என்னுடைய பேச்சு.

டக்கின் அறையில் இருந்து ஜெட்டியைப் பார்த்தேன். கப்பலில் இருந்து இறங்கிய கயிற்றின் நுனிக் கண்ணியைத் தூணில் மாட்டிவிட்டு ஜெமீல் நின்றார். மிச்சக் கயிறு அவருடைய காலைச் சுற்றி வளையமாகக் கிடந்தது. வளையத்துக்குள் கால் வைக்காதே என்பது கயிற்று வேலையின் முதல் பாடம்; மேலே கப்பலில் கயிறு சுற்றும் விஞ்ச் இழுக்கத் தொடங்கினால் வளையம் சுருங்கும், உள்ளே இருக்கும் கால் கப்பலோடு போகும். எங்கள் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பாடத்தைச் சொன்னவர் ஜெமீல். இப்போது அவர் அதற்குள் நின்றுகொண்டு கயிற்றைப் பற்றி வோக்கியில் முறைப்பாடு செய்துகொண்டிருந்தார். மேலே விஞ்ச் சுழலத் தொடங்கியது.

ஊதினேன். டக்கின் ஊதல் பெரிய சத்தம். கோணேசர் மலை வரைக்கும் கேட்கும். ஜெமீல் திடுக்கிட்டுப் பின்னால் பாய்ந்தார். அவர் நின்ற இடத்தில் வளையம் இறுகித் தூணோடு அறைந்தது.

“யார் ஊதச் சொன்னது?” என்றார் பைலட்.

“நான் ஊதினனான்,” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பைலட் அதைத் தன்னைக் கேலி செய்ததாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

இனி என் பிழை. அன்று மத்தியானமே கன்ரீனில் ஜெமீலைப் பிடித்து ஒரு மூலையில் இருத்தி, வாசித்தது, அனுபவித்தது, கப்டன் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். ஈரல் என்ன செய்யும், கை ஏன் நடுங்கும் என்று படம்கூடக் கீறினேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“அண்ணன், நீங்க ஆரோடயோ கதைக்க வேண்டியத என்னோட கதைக்கிறீங்க,” என்றார். “நாங்க குடிக்கிறல்ல. தெரியும்தானே?”

அதன்பிறகு என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனார். ஒவ்வொரு கப்பலுக்கும் டக்கின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிடத்துக்குச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் காரணம் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போகும். ஊருக்குள் போனால் அவர் மட்டும் தலைகுனிய மாட்டார். வாப்பா, தம்பிமார், கல்யாண வயதில் நிற்கும் மகள் எல்லோரும் குனிய வேண்டும். நான் குடித்தபோது ஊரில் என்னைக் குடிகாரன் என்று மட்டும்தான் சொன்னார்கள். அதற்கு ஒரு கதிரையும் ஒரு கூட்டமும் இருந்தன. அவருக்கு அந்தச் சொல்லே கிடையாது. தன்னுடைய ஆட்களுக்கு நடுவில் இல்லாத ஒரு வருத்தத்துக்கு எங்கே போய் மருந்து கேட்பது?

ஒரு பின்னேரம், கப்பல் இல்லாத நாள், டக்கின் ஓரத்தில் தொங்கும் டயர்மேல் ஜெமீல் வந்து இருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அண்டைக்கு ஏன் ஊதினீங்க?”

“வளையத்துக்குள்ள நிண்டனீர்.”

“எனக்குத் தெரியா அண்ணன். நிண்டதே தெரியா. பொடியன்மார்தான் மறுகா சொன்னானுகள்.” பிறகு, “அந்தக் கூட்டம் எங்க நடக்குது?” என்றார்.

சொன்னேன். சிரித்தார்; அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“கிண்ணியாவில இருந்து வந்து, சாறத்தோட, கோயில் வாசலால உள்ளுக்குப் போகச் சொல்றீங்க. அதவிட சந்தியில நிண்டு மைக்கில சொல்லலாம், ரெண்டு தரம் நடக்கத் தேவல்ல.”

வியாழக்கிழமை இதை, பெயர் சொல்லாமல், கூட்டத்தில் வைத்தேன். கேட்டம் என்ற பிறகு பீற்றர் அண்ணை தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். “அந்த ஆள் கோயிலுக்கு வர ஏலாதெண்டால் கோயில் எதுக்கு? ரெண்டு பேர் இருந்து ஒருத்தர் கேட்டால் அது கூட்டம்தான். உங்களிட்ட வள்ளம் இருக்குத்தானே?”

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மீன் பிடிக்கப் போகத் தொடங்கினோம். பீற்றர் அண்ணை பூசை முடிந்து வருவார். பண்டார ஓட்டோவை நிறுத்திவிட்டு வருவார். நான் வள்ளத்தைக் கொண்டுவருவேன். ஜெமீல் கிண்ணியாப் பாலத்தடியில் ஏறிக்கொள்வார். தம்பலகாமக் குடாவுக்குள் கண்டல் மரங்களுக்குக் கிட்ட நங்கூரம் போட்டு, ஆளுக்கொரு தூண்டிலை இறக்கி வைப்போம்.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியோடு வள்ளத்தில் போனால் அது எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். மூன்று முன்னாள் குடிகாரர்கள் போவதைக் கண்ட சனம் எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தது. பாலத்தடியில் வலை காயப்போடுகிற ஒருவர்தான் எங்களைக் காப்பாற்றினார். “ஜெமீல் நானாவும் போறாரோ? அப்ப உண்மையாவே மீனுக்குத்தான் போறியள்,” என்றார். எங்கள் மூன்று பேருக்கும் நற்சாட்சிப் பத்திரம் ஜெமீல்தான். இதைக் கேட்டுப் பண்டார சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. ஜெமீல் சிரிக்கவில்லை.

முதல் சில ஞாயிறுகளில் அவர் வாயே திறக்கவில்லை. நாங்கள் எங்கள் பாட்டைச் சொன்னோம், கேட்டம் என்றோம், கொக்குகள் எழும்பிப் பறந்தன. பிறகு ஒருநாள், பீற்றர் அண்ணை பேசி முடித்ததும், தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு தொடங்கினார்.

“எனக்குக் காரணம் ஒண்டும் இல்ல. உங்க எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு. நான் கேட்டுக்கொண்டு இருந்தன், எனக்கும் ஒண்டு ஆப்பிடுமா எண்டு. இல்ல. கயித்தறைக்குள்ள போத்தல் இருந்திச்சு. மழை. கப்பல் பிந்திச்சு. மூடியக் கழட்டி மணத்திப் பாத்தன். அவ்வளவுதான். குழுவுக்கு வந்த போத்தலத் தொட ஏலா, அத ஆக்கள் நினைவு வெச்சிருப்பானுகள்.” நிறுத்தினார். என் பக்கம் திரும்பவில்லை. “தவம் அண்ணன் கொண்டு வந்து தாறத ஒருத்தரும் கேக்கிறல்ல. அவரும் கேக்கமாட்டார். அதத்தான் குடிச்சன். முதல்ல இருந்து அதத்தான்.”



நான் குடிக்காமல் இருந்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு போத்தலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல இருந்தது. மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல இருந்தது. எல்லோருமே அவரை நம்பித்தானே விட்டோம் என்று, பழியைக் கொஞ்சம் பங்குபோடவும் இருந்தது. பீற்றர் அண்ணை என்னைப் பார்த்தார். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

“நான் தந்த போத்தலை நீர் குடிச்சனீர்,” என்றேன்.

ஜெமீல் இப்போது திரும்பினார். “ஓம்,” என்றார்.

“முதலில இருந்து.”

“ஓம்.”

“கேட்டன்,” என்றேன். மற்ற இருவரும் கேட்டம் என்றார்கள். ஜெமீல் தலையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.  பண்டார தன்னுடைய தொப்பியைக் கழற்றி அவருடைய கழுத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார். அது மறுமொழியா இல்லையா என்று பீற்றர் அண்ணையும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கயிற்றறையைத் திறந்து, இருந்த போத்தல்களை எல்லாம் ஜெமீல் வெளியே எடுத்து வைத்தார். குழுவைக் கூப்பிட்டார். “இனி இது என்னட்ட வேணாம். எங்கட மார்க்கத்தில குடிக்கிறது மட்டுமில்ல, வெச்சிருக்கிறதும் கூடா,” என்றார். அது உண்மை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கயிற்றுக்காரர் ஒருவர் வெட்கத்தோடு கேட்டார். “இவ்வளவு காலமும் நாங்கள் உங்களைப் பாவத்துக்குள்ள தள்ளியிருக்கிறமே நானா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” ஜெமீலுக்கு முகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து துறைமுகத்தில் அவருடைய மதிப்பு இன்னும் உயர்ந்தது. அதைச் சுமப்பது போத்தலைச் சுமப்பதைவிடப் பாரமாக இருந்தது என்று வள்ளத்தில் சொன்னார்.

கதை அதோடு சரியாகிவிடவில்லை. கயிற்றறையில் இல்லாவிட்டாலும் ஊரில் போத்தலுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிறு பாலத்தடியில் வெயில் ஏறும்வரை காத்திருந்தோம், அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வலைகாரர், “நானாவுக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த வாரம் மூன்று கப்பல்கள். ஊதலின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்தேன். மூன்றாவது ஞாயிறு வந்து ஏறினார். கன்னம் ஒட்டியிருந்தது. நங்கூரம் போடும்வரை பொறுக்கவில்லை. “குடிச்சன்,” என்றார். கேட்டம் என்றோம். இன்னும் ஒருமுறையும் அப்படி நடந்தது. பிறகு நடக்கவில்லை, இதை எழுதும் இன்றுவரை இல்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகும் வள்ளம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டில் அவர் சொல்லவில்லை. மனைவி பரீதா பள்ளிவாசல் நிர்வாகியின் மருமகள். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அவ எழும்பிப் போய்விடுவா என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். நாங்களும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டம். போன மாதம் ஒருநாள், மகளின் கல்யாணம் ஒப்பேறிய பிறகு, தொலைபேசியில் கூப்பிட்டு, “சொல்லிட்டன்,” என்றார். குரலில் இருந்து ஒன்றும் விளங்கவில்லை. “பகல் சாப்பாட்டுக்கு மூண்டு பேரும் வரட்டாம்.”

போனோம். ஜெமீல் வாசலில் நின்று எங்களை உள்ளே கூட்டிப்போனார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சோறும் கோழிக் கறியும் வந்தன. ஒருவரும் பேசாமல் சாப்பிட்டோம். பரீதா குசினி வாசலில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றா. நான்தான் பொறுக்கமாட்டாமல், பழக்கதோஷத்தில், ஒரு விளக்கத்தை ஆரம்பித்தேன். “தங்கச்சி, இந்த மனுசன் எவ்வளவு கஷ்டப்பட்டு…”

“அவர் குடிச்சது எனக்கு எப்பவோ தெரியும் அண்ணன்,” என்றா. “பக்கத்தில படுக்கிறவளுக்குத் தெரியாதா? நானும் வாய் திறக்கல்ல, அவர் தானாச் சொல்லட்டும் எண்டு. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. மீன் பிடிக்கப் போறன் எண்டு சொல்லிட்டுப் போனாரே, அத நம்பி ஒவ்வொரு ஞாயிறும் தேங்காய் திருவி, புளி கரைச்சு வெச்சுக்கொண்டு இருந்தன். நாலு ஆம்பிளைகள், இவ்வளவு காலம், ஒரு சூடை மீனாவது?”